ரெண்டு விரல் நுனி, ஒரே நாள் ரெக்கார்டிங், 55 வருஷம்

கொஞ்சம் நீளமான இழை. அவசரமில்லாம, டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு நைட் டியூட்டி. மணி பதினொன்றரை இருக்கும். இருபது வயசு நிரம்பாத ஒரு தம்பியை ரெண்டு பேர் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. இடது கையில துண்டு சுத்தியிருந்தது. துண்டு முழுக்க ரத்தம்.

பிரஸ் மெஷின்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நுனி இல்லை.

கூட வந்த பையன் பாக்கெட்ல இருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து நீட்டினான். ஜூஸ் கடையில கெஞ்சி வாங்கின ஐஸ். அந்த ஐஸ் தண்ணிக்குள்ளேயே விரல் துண்டுகள் ரெண்டும் நேரடியா கிடந்தது. வெளுத்து, விறைச்சுப் போயிருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. நல்லது செய்யணும்னு நினைச்சுத்தான் செஞ்சிருக்கான். ஆனா அந்தத் துண்டுகளை வெச்சு ஒண்ணும் செய்ய முடியலை.

ஊசி போட்டு, காயத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கும்போது அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி:

"சார், ஐடிஐ முடிச்சு வேலைக்குச் சேர்ந்து மூணு மாசந்தான் சார் ஆச்சு. இனிமே எனக்கு வேலை கிடைக்குமா?"

அன்னிக்கு ராத்திரி அவனுக்கு என்ன பதில் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. ஆனா என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது வேற ஒரு பதினேழு வயசுப் பையனோட கதை. இங்கிலாந்து. இதே மாதிரி ஒரு பிரஸ் மெஷின். இதே மாதிரி ரெண்டு விரல் நுனி.

அந்தப் பையன் பேரு டோனி ஐயோமி. அவன் இருந்த பேண்டோட பேரு பிளாக் சபாத்.

அவங்களோட முதல் ஆல்பத்தைப் பத்தின கதைதான் இது.

*

எம்பிபிஎஸ் படிக்கும்போது எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியர்கிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. பாதி படம், பாதி பாட்டு. அதுல "கேட்டா பயப்படாதே"ன்னு அவரே பேர் வெச்ச ஒரு ஃபோல்டர். அனாடமி பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹெட்போன்ல அதைப் போட்டேன்.

முதல்ல மழைச் சத்தம். தூரத்துல இடி. ஒரு கோயில் மணி மாதிரி சர்ச் மணி. கிட்டத்தட்ட அரை நிமிஷம் இதுதான். அப்புறம் மூணே மூணு சுரம். மலை சரியிற மாதிரி.

அந்த ராத்திரி பிராக்கியல் பிளெக்சஸ் மண்டையில ஏறவே இல்லை. ஆனா அந்த மூணு சுரம் இன்னிக்கு வரைக்கும் இறங்கவே இல்லை.

ராக் இசையே கேட்காதவங்களுக்காக ஒரு வரி அறிமுகம்: "ஹெவி மெட்டல்"னு சொல்ற இசை வகைக்கு எது முதல் ஆல்பம்னு கேட்டா, உலகம் முழுக்க அதிகம் பேர் கை காட்டுறது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்த "பிளாக் சபாத்" ஆல்பத்தைத்தான். பேண்ட் பேரும் அதுதான், ஆல்பம் பேரும் அதுதான், முதல் பாட்டோட பேரும் அதுதான். இதுக்கு முன்னாடியே சத்தமா, முரட்டுத்தனமா வாசிச்ச பேண்டுகள் இருந்தன. லெட் செப்ளின் இருந்தது, கிரீம் இருந்தது. ஆனா இந்த இருட்டு, இந்த மெதுவான கனம், இது புதுசு.

எங்கிருந்து வந்தது அது?

*

பர்மிங்ஹாம் நகரத்துல ஆஸ்டன்னு ஒரு பகுதி. சுத்திலும் தொழிற்சாலை. இரும்பு, தகடு, கார் உதிரி பாகம், ஒரு பக்கம் பீர் ஆலை, இன்னொரு பக்கம் சாஸ் ஃபேக்டரி. இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி அதிகமா குண்டு போட்ட பிரிட்டிஷ் நகரங்கள்ல பர்மிங்ஹாமும் ஒண்ணு. போர் முடிஞ்சு பல வருஷம் ஆன பிறகும் இடிஞ்ச வீடுகளோட மிச்சம்தான் பசங்களுக்கு விளையாட்டு மைதானம்.

அந்த நாலு பேரும் 1948, 49-ல பிறந்தவங்க. நாலு பேருமே உழைக்கிற குடும்பம்.

ஓஸி ஆஸ்போர்ன்: பாடகர். சின்ன வீடு, பெரிய குடும்பம். பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டவர். கார் ஹாரன் தயாரிக்கிற ஃபேக்டரியில ஹாரன் சத்தத்தைச் சரிபார்க்கிற வேலை பார்த்தார். மாடு வெட்டுற கூடத்துல வேலை பார்த்தார். திருடி மாட்டி, அபராதம் கட்டக் காசில்லாம ஆறு வாரம் போல ஜெயில்ல இருந்தார். பையன் பாடம் கத்துக்கட்டும்னு அப்பா அபராதத்தைக் கட்டலை. அதே அப்பாதான் பின்னாடி கடன் வாங்கி அவருக்கு மைக், ஸ்பீக்கர் செட் வாங்கிக் கொடுத்தார்.

கீஸர் பட்லர்: பேஸ் கிட்டார். அக்கவுண்ட்ஸ் பயிற்சியில இருந்தவர். பாட்டு வரிகள்ல பெரும்பகுதி இவர் கை.

பில் வார்ட்: டிரம்ஸ். ஜாஸ் கேட்டு வளர்ந்தவர்.

டோனி ஐயோமி: கிட்டார். இடது கைக்காரர். இந்த விவரத்தை மனசுல வெச்சுக்கோங்க, முக்கியம்.

இதுல ஐயோமியும் ஓஸியும் ஒரே பள்ளிக்கூடம். ஐயோமி ஒரு வருஷம் சீனியர். ஓஸியைப் போட்டு அடிக்கிற சீனியர். பின்னாடி ஒரு மியூசிக் கடையில "ஓஸி ஸிக்குக்கு வாய்ப்பு வேணும்"ங்கிற மாதிரி ஒரு விளம்பரச் சீட்டைப் பார்த்தப்போ, "எனக்கு ஒரு ஓஸியைத் தெரியும், அவனா இருக்க முடியாது, அவனுக்குப் பாட வராதே"ன்னு நினைச்சுக்கிட்டே கதவைத் தட்டியிருக்கார். அவனேதான்.

*

இப்போ அந்த விபத்துக்கு வருவோம்.

ஐயோமிக்கு வயசு 17. தகடு ஃபேக்டரி ஒண்ணுல வெல்டிங் வேலை. ஒரு பேண்ட் அவரை ஐரோப்பாவுக்கு வாசிக்கக் கூப்பிடுது. வேலையை விட்டாச்சு. அன்னிக்குக் கடைசி நாள்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், "இனிமே போகலைம்மா"ன்னு சொல்லியிருக்கார். அம்மா விடலை. ஆரம்பிச்ச வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வா.

நம்ம வீட்டு அம்மா மாதிரியே இருக்காங்கல்ல?

திரும்பப் போனார். தகட்டை வளைச்சு அனுப்புற பிரஸ் மெஷின் ஆள் அன்னிக்கு வரலை. "நீ போய் அதைப் பாரு"ன்னாங்க. பழக்கமில்லாத மெஷின். கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கிருச்சு. பதறிக் கையை இழுத்தார். வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் உள்ளேயே நின்னுருச்சு. எலும்பு வெளியே தெரிஞ்சதுன்னு சொல்லியிருக்கார்.

யோசிங்க. இடது கைக்காரர் கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பார். நமக்கு இடது கை செய்ற வேலையை, அதாவது கம்பியை அழுத்திச் சுரம் பிடிக்கிற வேலையை, அவருக்கு வலது கை செய்யணும். போனது அந்தக் கை.

ஃபேக்டரியில இருந்து ஒருத்தர் அந்த விரல் துண்டுகளை ஒரு தீப்பெட்டியில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்தாராம். கருகிப் போயிருந்தது. ஒட்ட முடியலை. கையிலிருந்து தோல் எடுத்து நுனியை மூடி அனுப்பிட்டாங்க.

அந்த டாக்டர்களையும் குறை சொல்ல முடியாது. ஜப்பான்ல கோமட்சு, தமாய்னு ரெண்டு டாக்டர்கள் முழுசா அறுந்துபோன ஒரு கட்டைவிரலை, மைக்ராஸ்கோப் வெச்சு ரத்தக்குழாயோட ரத்தக்குழாயைத் தைச்சு மறுபடி உயிர் பெற வெச்சதே 1965-லதான். ஐயோமிக்கு அடிபட்டது ஏறக்குறைய அதே காலம். அந்த வித்தை உலகத்துக்குப் பரவ இன்னும் வருஷங்கள் ஆச்சு.

"கிட்டாரை மறந்துரு"ன்னுதான் அவருக்குச் சொல்லப்பட்டது.

*

வீட்டுல முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஃபேக்டரி மேனேஜர் வந்தார். கையில ஒரு இசைத்தட்டு. "இதைக் கேளு"ன்னார். ஐயோமிக்குக் கோபம். வாசிக்கவே முடியாதவன்கிட்ட வந்து கிட்டார் தட்டைப் போட்டுக் காட்டுறியா?

கேட்டார். அசந்துட்டார்.

"இவன் ரெண்டே விரல்ல வாசிக்கிறான், தெரியுமா?"ன்னார் மேனேஜர்.

அது ஜாங்கோ ரைன்ஹார்ட். ஜிப்ஸி ஜாஸ் மேதை. 1928-ல அவர் தங்கியிருந்த வண்டி வீடு தீப்பிடிச்சதுல இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப் போச்சு. மிச்சமிருந்த ரெண்டு விரலை வெச்சு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வெச்சவர்.

எத்தனையோ கவுன்சலிங் பார்த்திருக்கேன். இதுக்கு இணையா ஒண்ணைப் பார்த்ததில்லை. "கவலைப்படாதே"ன்னு சொல்றது வேற. "இதோ பாரு, ஒருத்தன் செஞ்சிருக்கான்"னு காட்டுறது வேற.

அதுக்கப்புறம் ஐயோமி செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால குடைஞ்சு விரலுக்குப் பொருந்துற மாதிரி ஓட்டை போட்டார். உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சார். பிளாஸ்டிக் கம்பியில வழுக்குச்சு. பழைய தோல் ஜாக்கெட்டுல இருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். துணி தைக்கிறப்போ போடுற விரல் தொப்பி மாதிரி ஒரு தொப்பி தயார்.

எந்த செயற்கை உறுப்பு மையமும் செஞ்சு தரலை. தகடு வேலை தெரிஞ்ச ஒரு தொழிலாளி, தனக்குத் தெரிஞ்ச தொழில்ல தனக்கே செஞ்சுக்கிட்ட விரல் அது.

ஆனா ஒரு பெரிய சிக்கல். உணர்ச்சி.

நம்ம உடம்புல தொடு உணர்ச்சி மிகக் கூர்மையா இருக்கிற இடங்கள்ல ஒண்ணு விரல் நுனி. ரெண்டு ஊசி முனையை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில வெச்சாலும் "ரெண்டு"ன்னு விரல் நுனி சொல்லிரும். முதுகுல அதையே கண்டுபிடிக்க 3, 4 சென்டிமீட்டர் இடைவெளி வேணும். மூளையில தொடு உணர்ச்சிக்கான பகுதியைப் படம் வரைஞ்சா, முழு முதுகுக்கு ஒதுக்கின இடத்தைவிட விரல்களுக்கு ஒதுக்கின இடம் பல மடங்கு பெருசு.

ஐயோமிக்கு அந்த ரெண்டு நுனியில அதெல்லாம் போச்சு. கம்பி எங்க இருக்கு, எவ்வளவு அழுத்துறோம்னு விரல் சொல்லாது. காதுதான் சொல்லணும். அதனால தேவைக்கு மேல அழுத்துவார். அழுத்தினா வலிக்கும்.

அதுக்காகக் கம்பியை மாத்தினார். அன்னிக்குக் கிட்டாருக்கு மெல்லிய கம்பி செட் கடையில சுலபமா கிடைக்காது. பேன்ஜோ கம்பியை வாங்கிப் போட்டு, மத்த கம்பிகளையும் ஒரு படி மெல்லிசாக்கினார். "இதுக்கெல்லாம் மார்க்கெட் இல்லை"ன்னு கம்பெனிகள் கையை விரிச்சுது. கடைசியில வேல்ஸ்ல ஒரு கம்பெனி செஞ்சு கொடுத்தது. கம்பி மெலிஞ்சா அதே சுரத்துக்குத் தேவைப்படுற இழுவிசை குறையும். விரலுக்குச் சுமை குறையும்.

வாசிக்கிற முறையும் மாறுச்சு. எல்லா விரலையும் பரப்பிப் பிடிக்கிற சிக்கலான கார்டுகள் கஷ்டம். அதனால எளிமையான, தடிமனான கார்டுகள். நம்ம பாஷையில சொன்னா சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். தம்பூராவுல கேட்கிற அதே "ச, ப". இதை ஆம்ப்ளிஃபையர்ல சத்தத்தைக் கூட்டி, ஓசை கிழியிற அளவுக்கு விட்டா, குழம்பாம, சுவர் மாதிரி நிமிர்ந்து நிக்கும்.

ஒரு திருத்தம் இங்கே. "கையில வலி இருந்ததால சுருதியைத் தாழ்த்தினார், அதனாலதான் முதல் ஆல்பம் அப்படி ஒலிக்குது"ன்னு நிறைய பேர் எழுதுவாங்க. பாதிதான் சரி. சுருதியை மூணு அரைப்படி கீழே இறக்கினது 1971-ல வந்த மூணாவது ஆல்பத்துல. முதல் ஆல்பம் வழக்கமான சுருதியிலதான் இருக்கு. அந்தக் கனம் முழுக்க அந்தக் கையிலிருந்து வந்தது.

*

பேண்டுக்கு முதல்ல வேற பேர்கள். "எர்த்"ன்னு ஒரு பேர்ல ப்ளூஸ் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல ஐயோமி கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் பேண்டுக்குப் போனார். அங்கே காலையிலேயே எழுந்து ஒழுங்கா ஒத்திகை பார்க்கிறதைப் பார்த்துட்டு, திரும்பி வந்து நம்ம ஆளுங்களையும் தூக்கத்துலருந்து எழுப்பி ஒத்திகைக்கு இழுத்துட்டுப் போனார்.

ஒத்திகை இடத்துக்கு எதிர்ல ஒரு சினிமா தியேட்டர். பேய்ப் படம்னா கியூ நிக்குது. "பயப்படுறதுக்குக் காசு கொடுத்து வர்றாங்களே, பயமுறுத்துற பாட்டுப் போட்டா என்ன?"ன்னு ஒரு யோசனை. மரியோ பாவா இயக்கி போரிஸ் கார்லாஃப் நடிச்ச 1963 படம் ஒண்ணோட ஆங்கிலப் பேர்தான் "பிளாக் சபாத்". அதுதான் பாட்டுக்கும், அப்புறம் பேண்டுக்கும் பேராச்சு.

அது 1969 ஆகஸ்ட். அதே மாசம் அமெரிக்காவுல வுட்ஸ்டாக். லட்சக்கணக்கான பேர் தலையில பூ வெச்சுக்கிட்டு அமைதி, அன்புன்னு பாடுறாங்க. ஆஸ்டன் பசங்களுக்கு அந்தப் பூ எந்தத் தெருவுல பூக்குதுன்னே தெரியலை. அவங்க தெருவுல புகைதான் இருந்தது.

முதல் பாட்டுக்குப் பின்னாடி ஒரு கதை உண்டு. கீஸர் அப்போ ரூமுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, மாந்திரீகப் புத்தகமெல்லாம் படிச்சுக்கிட்டு இருந்தார். ஒரு ராத்திரி திடுக்குன்னு முழிப்பு வந்தா கட்டில் காலடியில ஒரு கறுப்பு உருவம் நிக்குது. அதை ஓஸிகிட்ட சொன்னார். அதுதான் பாட்டாச்சு.

இதைக் கேட்கிற எந்த டாக்டருக்கும் ஸ்லீப் பாரலிசிஸ் ஞாபகம் வரும். மூளை முழிச்சிருக்கும், உடம்பு இன்னும் தூக்கத்துல இருக்கும், அறையில யாரோ நிக்கிற மாதிரி, நெஞ்சுல உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல "அமுக்குவான் பேய்"னு சொல்றது இதைத்தான். கீஸருக்கு அதுதான் வந்ததான்னு நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனா அந்த அனுபவம் உலகத்துல எல்லா ஊர்லயும் இருக்கு. அந்தப் பாட்டு எல்லா ஊர்லயும் வேலை செய்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு. இவங்களைச் சாத்தானை வழிபடுறவங்கன்னு ரொம்ப நாள் ஒரு பேச்சு. பாட்டைக் கேட்டவங்களுக்குத் தெரியும், அதுல இருக்கிறவன் சாத்தானைக் கூப்பிடலை. பயந்து ஓடுறான். கடவுளைக் கூப்பிடுறான்.

சரி, அந்த மூணு சுரம்?

ச, மேல் ச, அப்புறம் நடுவுல பிரதி மத்யமம். அவ்வளவுதான். சட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவுல உள்ள இந்த இடைவெளிக்கு ஐரோப்பாவுல "இசையில் சாத்தான்"னு பழைய பேரு. சர்ச் இதைத் தடை பண்ணுச்சுன்னு சொல்றது மிகைப்படுத்தின கதை. தவிர்க்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னன்னா, நம்ம 72 மேளகர்த்தாவுல பாதி, 36 மேளம், பிரதி மத்யமம்தான். கல்யாணி ராகத்துக்கு உயிரே அந்தச் சுரம்தான். கல்யாண வீட்டுல நாதஸ்வரத்துல கேட்கிறப்போ யாருக்கும் பேய் வர்றதில்லை. அப்போ பயம் சுரத்துல இல்லை. அதை எவ்வளவு மெதுவா வாசிக்கிறோம், ரெண்டு சுரத்துக்கு நடுவுல எவ்வளவு மௌனம் விடுறோம், அதுல இருக்கு.

*

1969 அக்டோபர் 16. லண்டன், ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன். பட்ஜெட் சுமார் 600 பவுண்டு. ஐரோப்பாவுல வாசிக்கப் போற வழியில ஸ்டூடியோவுல இறங்கினாங்க.

ஒரே நாள். சுமார் பன்னிரண்டு மணி நேரம். மேடையில எப்படி வாசிப்பாங்களோ அப்படியே ஒண்ணா நின்னு வாசிச்சாங்க. ஓஸி தனி அறையில நின்னு அதே நேரத்துல பாடினார். தப்பு வந்தா திருத்த நேரமில்லை. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு டேக்.

முதல் பாட்டு பதிவாகிற நேரத்துல ஐயோமியோட ஃபெண்டர் கிட்டாரோட பிக்கப் செத்துப் போச்சு. மாத்துக் கருவியா வெச்சிருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்தார். மத்த பாட்டெல்லாம் அதுலதான். அதுக்கப்புறம் அந்த மாத்துக் கருவிதான் அவரோட அடையாளம்.

முடிச்சாங்க, கிளம்பிட்டாங்க. மழையும் இடியும் மணியும் அப்புறமா தயாரிப்பாளர் தரப்புல சேர்த்தது. மொத்தம் 38 நிமிஷம்.

அட்டைப்படம் இன்னொரு அதிசயம். ஆக்ஸ்ஃபோர்டுஷயர்ல தேம்ஸ் நதிக்கரையில மேப்பிள்டர்ஹாம்ங்கிற ஊர். அங்கே ஒரு பழைய தண்ணீர் ஆலை. முன்னாடி கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண். கீஃப்ங்கிற பேர்ல படம் எடுத்த கீத் மேக்மில்லன், அகச்சிவப்பு ஃபிலிம்ல எடுத்தார். அதனாலதான் அந்த இளஞ்சிவப்பும் அழுகின நிறமும். அட்டையைத் திறந்தா உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அது பேண்டுக்கே தெரியாம டிசைன் பண்ணவங்க வெச்சது. சாத்தான் பட்டம் ஒட்டிக்கிட்டதுல அதுக்கும் பங்கு உண்டு.

*

விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில லெஸ்டர் பேங்ஸ் எழுதின விமர்சனம் பிரசித்தம். கிரீம் பேண்டோட மோசமான நகல்ங்கிற தொனி.

ஆனா பிரிட்டன்ல 8-வது இடம். அமெரிக்காவுல 23-வது இடம். பெரிய விளம்பரம் இல்லை, ரேடியோ தூக்கிப் பிடிக்கலை. காதும் காதும் வெச்ச மாதிரி ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வாங்கினது.

அதே ரோலிங் ஸ்டோன் 2017-ல எல்லாக் காலத்துக்குமான சிறந்த 100 மெட்டல் ஆல்பங்கள்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. இந்த ஆல்பத்துக்கு 5-வது இடம். முதல் இடம் இவங்களோட ரெண்டாவது ஆல்பத்துக்கு. 2006-ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல இவங்களைச் சேர்த்தப்போ, மேடையேறி அறிமுகப்படுத்தினது மெட்டாலிகா.

ஏன் நிக்குது இந்த ஆல்பம்?

என் கணக்கு இது. இதைவிட வேகமா, இதைவிடத் துல்லியமா, இதைவிடக் கனமா ஆயிரம் ஆல்பம் வந்தாச்சு. இன்னிக்கு லேப்டாப்ல பத்து நிமிஷத்துல இதைவிடச் சத்தமா ஒண்ணு பண்ணலாம். ஆனா அதுல எல்லாம் தப்பு திருத்தியிருக்கும். இதுல நாலு மனுஷங்க ஒரே அறையில மூச்சு விடுறது கேட்கும். பில் வார்ட் முரட்டுத்தனமா அடிக்கிறதுக்குள்ள ஒரு ஜாஸ் ஆட்டம் ஒளிஞ்சிருக்கும். கீஸரோட பேஸ் கிட்டாருக்குத் துணையா போகாம, கூடவே மல்லுக்கட்டும். ஓஸி பெரிய பாடகர் இல்லை. ஆனா பயந்த மனுஷன் எப்படிக் கூப்பிடுவானோ அப்படிக் கூப்பிடுவார்.

எல்லாத்துக்கும் அடியில, உணர்ச்சியில்லாத ரெண்டு விரல் கம்பியைத் தேடித் தேடி அழுத்துற சத்தம்.

அவங்க உலகத்தை இருட்டா காட்டணும்னு முடிவு பண்ணி வாசிக்கலை. பார்த்ததை வாசிச்சாங்க. அது பொய்யில்லாததால பழசாகலை.

*

2012-ல ஐயோமிக்கு லிம்ஃபோமா. சிகிச்சைக்கு நடுவுலேயே ஆல்பம் பதிவு. 2013-ல வந்த அந்த ஆல்பம் பிரிட்டன், அமெரிக்கா ரெண்டுலயும் முதல் இடம்.

2020-ல ஓஸி தனக்குப் பார்க்கின்சன் நோய் இருக்குன்னு வெளியே சொன்னார்.

2025 ஜூலை 5. ஆஸ்டன், வில்லா பார்க் மைதானம். ஓஸி சின்ன வயசுல மேட்ச் பார்க்க வர்றவங்களோட காரைப் பார்த்துக்கிட்டு சில்லறை வாங்கின அதே இடம். அந்த நாலு பேரும் இருபது வருஷம் கழிச்சு ஒண்ணா மேடையேறினாங்க. நடக்க முடியாத ஓஸி சிம்மாசனத்துல உட்கார்ந்து பாடினார். பாடின நாலு பாட்டுல ஒண்ணு, "என்.ஐ.பி.", இந்த முதல் ஆல்பத்துல உள்ளது. நிகழ்ச்சி வருமானம் பார்க்கின்சன் ஆய்வுக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான ஹாஸ்பிஸ் ஒண்ணுக்கும்.

பதினேழு நாள் கழிச்சு, ஜூலை 22, ஓஸி போய்ச் சேர்ந்தார். வயசு 76.

*

மறுபடியும் அந்தத் தம்பி.

மூணாவது வாரம் டிரெஸ்ஸிங்குக்கு வந்தான். எனக்கும் ஒரு மேனேஜர் ஆகணும்னு ஆசை. மொபைல்ல ஐயோமி வாசிக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினேன். விரல் தொப்பியைக் காட்டினேன். பிளாஸ்டிக் பாட்டில் கதையைச் சொன்னேன்.

முழுசா பார்த்தான். அப்புறம் கேட்டான்:

"சார், அந்த மெஷின்ல கார்டு இருந்திருந்தா இவரு இன்னும் நல்லா வாசிச்சிருப்பாரா?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

இந்த மாதிரிக் கதைகளை நாம சொல்ற விதத்துல ஒரு தப்பு இருக்கு. காயம் ஏதோ வரம் மாதிரி சொல்லிடுறோம். ஐயோமிக்கு வலி போகலை. இன்னிக்கு வரைக்கும் தொப்பி போட்டுத்தான் வாசிக்கிறார். பிரஸ்ல விரல் போன ஆயிரம் பேர்ல ஒருத்தர் ஐயோமி. மத்தவங்க பேரு யாருக்கும் தெரியாது. அந்த ஆல்பத்தை விரல் போனது உண்டாக்கலை. போன பிறகும் விடாத ஒருத்தரும், இசைத்தட்டோட வீட்டுக்கு வந்த ஒரு மனுஷனும், கூட நின்ன மூணு பேரும் உண்டாக்கினாங்க.

அதனால அவன்கிட்ட சொன்னேன்: "தெரியலை தம்பி. ஆனா கார்டு இருந்திருக்கணும்."

இந்த இழையைப் படிக்கிற பட்டறை, ஃபேக்டரி சொந்தங்களுக்கு:

பிரஸ் மெஷின்ல பாதுகாப்பு கார்டைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டாதீங்க. பீஸ் கணக்கு கூடும், விரல் கணக்கு குறையும்.

பழக்கமில்லாத ஆளை "இன்னிக்கு மட்டும் பாரு"ன்னு மெஷின்ல நிறுத்தாதீங்க. ஐயோமிக்கு நடந்தது அதுதான்.

விரல் துண்டானா, காயத்துல சுத்தமான துணி வெச்சு அழுத்திப் பிடிச்சு, கையை உயர்த்தி வைங்க. மஞ்சள், காபித்தூள் வேண்டாம்.

துண்டான பாகத்தைச் சுத்தமான தண்ணியில லேசா கழுவி, ஈரத் துணியில சுத்தி, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுங்க. அந்தக் கவரை இன்னொரு கவர்ல உள்ள ஐஸ் தண்ணிமேல வைங்க. ஐஸ் நேரா சதையில படக்கூடாது. பட்டா சதை செத்துடும்.

108-க்குக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போங்க. இப்போ அரசு மருத்துவக் கல்லூரிகள்லயே இதுக்கு வழி இருக்கு. சென்னை ஸ்டான்லியில கைக்குன்னே தனித் துறை இருக்கு.

அந்தத் தம்பி போன மாசம் வந்தான். காயம் ஆறிருச்சு. அதே பட்டறையில இப்போ க்வாலிட்டி செக்கிங். மெஷினுக்கு கார்டு மாட்டிட்டாங்களான்னு கேட்டேன்.

"மாட்டியாச்சு சார். தினம் காலையில நான்தான் செக் பண்றேன்."

போகும்போது திரும்பி நின்னு, "சார், அந்தப் பாட்டு பேரு என்ன? மழை பெய்யுமே"ன்னான்.

எழுதிக் கொடுத்தேன்.

பிடிச்சிருந்தா, மெஷின்ல வேலை பார்க்கிற யாருக்காவது அனுப்புங்க.